ஊத்துக்காட்டு உடன்படிக்கை

தென்துருவத்துச் சட்டத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு பதுளையில் தொழில் நடத்துகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள தேநீர்க் கடைக்குள் நான் நுழைந்தாலே யாராவது ஒருவர் "கதவைச் சாத்துங்கப்பா, குளிர் அடிக்குது" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன். வருடக்கணக்காக அதே நக்கலைக் கேட்டால் யாருக்குச் சிரிப்பு வரும்?

என்னிடம் வருகிற வழக்குகள் காணித் தகராறு, மனைவி பிள்ளைக்குத் தாபரிப்பு, பிணை, இவ்வளவுதான். நான் யாரிடம் தொழில் பழகினேனோ அந்த மூத்த சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்துக்கு மாற்றலாகி வந்த தகப்பனோடு சின்ன வயதில் பதுளைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நான் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய அன்று என் ஆய்வின் தலைப்பைக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, அங்க உமக்குக் கட்சிக்காரர் ஆர்? பென்குவினோ?" என்றார். "பீஸை மீனிலயோ தருவினம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மையைச் சொன்னால் அந்தத் துறையை நானாகத் தேடிப் போகவில்லை. கிடைத்த புலமைப்பரிசில் அதற்குத்தான் இருந்தது. வட ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம், தங்குமிடம் இலவசம், சாப்பாட்டுக்குக் காசு. துருவப் பகுதிகளின் சுற்றாடல் சட்டம் என்றார்கள், சரி என்றேன். செவ்வாய்க் கிரகத்துச் சட்டம் என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றையறைக் காம்பிராவில் இருந்து படித்து வந்தவளுக்குப் பொறுக்கி எடுக்கிற வசதி எங்கே இருந்தது?

போன பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. வடக்கா தெற்கா என்று பேராசிரியை கேட்டபோது யோசிக்காமல் தெற்கு என்றேன். வடதுருவத்தைச் சுற்றி ஆட்கள் வாழ்கிறார்கள். மான் மேய்க்கிறார்கள், திமிங்கிலம் பிடித்துத் தின்கிறார்கள். கரையெல்லாம் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தம். அங்கே சட்டம் ஆளுக்கொரு பக்கம் இழுபடும். தெற்கே அந்தத் தொல்லை இல்லை. சொந்தம் கொண்டாடிய நாடுகள்கூட அந்தப் பேச்சைக் கிடப்பில் போட்டுவிட்டு, ஒரு முழுக் கண்டத்தைச் சமாதானத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கின்றன. அங்கே சுரங்கம் தோண்டக் கூடாது. கொண்டுபோன குப்பையைத் திருப்பி எடுத்து வர வேண்டும். வெளியூர்ச் செடியை நடக் கூடாது. நாய்கூட வரக் கூடாது. முன்பு சறுக்குவண்டி இழுத்த நாய்களையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அது அந்த இடத்தை என்ன பாடு படுத்தும் என்று எழுதிக் காட்ட வேண்டும். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனிதர்கள் கூடிப் பேசி இப்படியும் ஒரு சட்டம் எழுதுவார்களா என்று இருந்தது. அந்தச் சுத்தமான சட்டத்தின் மேல் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காதலுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. எல்லா நாடும் சம்மதித்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட வேண்டியதுதான்.

என் ஆய்வு அந்தக் கண்டத்தைச் சுற்றியுள்ள கடலைப் பற்றியது. அங்கே கிரில் என்று ஒன்று இருக்கிறது, நம் ஊர்க் கூனி இறாலுக்குச் சொந்தக்காரன் மாதிரி. திமிங்கிலம் அதைத்தான் தின்கிறது, பென்குவினும் அதைத்தான் தின்கிறது, கப்பல்களும் வந்து அதையே அள்ளுகின்றன. இந்த இந்தக் கடற்பகுதியில் அள்ளாதீர்கள், ஒதுக்கி வையுங்கள் என்று வருடாவருடம் முன்மொழிவு வருகிறது. வருடாவருடம் விழுகிறது. ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்கு நானே போனேன், ஒரு சுற்றாடல் அமைப்பின் குழுவோடு, குறிப்பெடுக்கிற வேலைக்கு. எதிர்த்தவர்கள் மேசையைத் தட்டிச் சண்டை பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. "கொள்கையளவில் ஆதரிக்கிறோம், ஆனால் இன்னும் ஆய்வு தேவை" என்று தேன் தடவிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். இரண்டே நாடு. மற்ற எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா மூடியைக் கடித்துத் துப்பினேன்.

முன்பு ஒரேயொரு பெரிய கடற்பகுதிக்குச் சம்மதம் கிடைத்திருந்தது. அதுவும் எல்லையைக் குறைத்து, ஒரு மூலையை மீன்பிடிக்க விட்டுக்கொடுத்து, இத்தனை வருடத்துக்குத்தான் என்று தவணை வைத்து வாங்கியது. என் ஆய்வில் அதை "வெட்கக்கேடான பேரம்" என்று எழுதினேன். பேராசிரியை முதல் சொல்லை வெட்டிவிட்டு மற்றதை விட்டுவைத்தார்.

என் அக்கா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். ஹாலிஎலவில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அதற்கு மேல் ஆட்டோ ஏறினால் அவள் லயம். லயத்துக்கு மேலே ஒரு ஒடுங்கிய பள்ளம், அதற்குள் கொஞ்சம் காட்டு மரங்கள், நடுவில் ஒரு ஊற்று. தேயிலை வைக்கத் தோதுப்படாத இடம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் விட்டுவைத்தது. ஊத்துக்காடு என்று பெயர். அங்கிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற, குளிக்கிற லயத்துப் பீலிக்கும் தண்ணீர் வரும். நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர் அதுதான்.

போன வருடம் ஒரு நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"பீலித் தண்ணி மருந்து வாட அடிக்குதுடி. சின்னவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போயி சொறிஞ்சுக்கிட்டே கெடக்கா. டாக்டரு தண்ணிய மாத்துங்கங்குறாரு. எங்க போயி மாத்துறது?"

நான் போய்ப் பார்த்தேன். சின்னவளை, அக்காவின் இளைய மகளை, அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து வெடித்திருந்தது. ஊற்றுக்கு மேலே, கைவிட்ட தேயிலை மலையில், எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் ஆளுயர மானாப்புல்லை வெட்டிப் போஞ்சி போட்டிருந்தார், பீன்ஸ்தான். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்தான். சம்பளம் காணாமல் விட்டுவிட்டு விவசாயத்தில் இறங்கியவர். போகம் போகமாகக் கீழே இறங்கி இறங்கி, இப்போது ஊற்றின் விளிம்பு வரைக்கும் கொடி வந்திருந்தது. பூச்சிமருந்து அடிக்கிற தாங்கியை ஓடையிலேயே கழுவினார். நாங்கள் எல்லாரும் அவரைப் போஞ்சிக்காரர் என்போம். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஊத்துக்காடும் பழைய காடாக இல்லை. கேஸ் விலை ஏறிய நாளிலிருந்து லயமே விறகடுப்புக்குத் திரும்பியிருந்தது. ஓரத்து மரங்கள் மொட்டையாக நின்றன. சிலதில் தண்டைச் சுற்றிப் பட்டை உரித்திருந்தார்கள், தானாகப் பட்டுப்போனதாகக் காட்டுவதற்கு. ஊற்றிலும் தண்ணீர் பாதியாகியிருந்தது.

சட்டத்தரணி என்றால் முதலில் சட்டத்தைத்தானே நாட வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் போனேன், அந்த மலையை நாங்கள் பராமரிப்பதில்லை என்றார்கள். ஒரு அலுவலகத்தில் இது தோட்டத்துக்குள் நடக்கிற விஷயம் என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் இது எங்கள் நீர்த்திட்டம் அல்ல, பதிவே இல்லை என்றார்கள். வழக்குப் போடலாம், போட்டால் சின்னவள் கல்யாணம் கட்டுவதற்குள் தீர்ப்பு வரலாம். மனிதர் வாழாத பனிக்கட்டிக்கு அத்தனை நாடும் காவல் நிற்கிறது, இங்கே ஒரு லயத்துக் குடிதண்ணீருக்கு ஒரு நாதியில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் தனியாக முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அரிசி கழுவிக்கொண்டே சொன்னாள். "நீ ஒலகத்துக் கடலுக்கெல்லாம் சட்டம் படிச்சவதானே. நமக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

சொன்னது நக்கலா நிசமா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் உள்ளே தீப்பிடித்தது.

எங்கள் தோட்டத்தில் கோர்ட்டுக்கு முன்னால் கோயில். கோழி காணாமல் போனாலும், வேலித் தகராறு வந்தாலும், மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பொதுக் காரியம் என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அணைக்க வேண்டும். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு வீடு அணைக்காமல் விட்டாலும் மற்றவர்கள் செய்த சத்தியம் நிற்காது. பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து எல்லார் கையிலிருந்தும் அந்தச் சத்தியத்தை எடுத்துவிடுவார். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: நான் ஒன்றரை வருடம் படித்ததும் இதுவும் ஒன்று. எல்லாரும் சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்தது, அம்மனுக்குப் பயம். அங்கே அதுமட்டும் இருந்தால் ஒரு கூட்டத்திலேயே கடல் முழுக்கக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைத்தேன்.

உட்கார்ந்து எழுதினேன். துருவத்துச் சட்டத்தை அப்படியே ஊத்துக்காட்டுக்கு இறக்கினேன். காட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் பயிர் செய்யக் கூடாது. மருந்தடிக்கக் கூடாது. தாங்கி கழுவக் கூடாது. குப்பை போடக் கூடாது. உள்ளே எதையும் கொண்டுபோகவும் கூடாது, உள்ளேயிருந்து எதையும் எடுத்துவரவும் கூடாது. கோயில் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், எங்களுக்குத் தூரத்து உறவு, "யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று கேட்டார். போஞ்சிக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"லோயரம்மா சொல்றது நல்ல விசயந்தாங்க. நான் யோசிச்சுச் சொல்றேங்க."

அந்த யோசனை மாதக்கணக்கில் போனது. ஞாயிறு தவறாமல் நான் அவர் வீட்டுக்கு ஏறினேன். போகும்போதெல்லாம் மரியாதையாகப் பாய் விரித்துத் தேத்தண்ணி கொடுப்பார். வெலிமடைச் சந்தையில் போஞ்சி என்ன விலை போகிறது என்று சொல்வார். விஷயத்துக்கு வந்தால் தொண்டையைச் செருமுவார்.

"நான் அடிக்கிற மருந்துதான் தண்ணியில இருக்குன்னு யாருங்க பாத்தா? மேல் டிவிசன்லயும்தான் அடிக்கிறாங்க. தண்ணிய எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி ஒருக்காப் பரிசோதிச்சுப் பாக்கலாமே."

இன்னும் ஆய்வு தேவை! எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கோட்டுச் சூட்டுப் போட்டு மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சொன்னவனும் இதையேதான் சொன்னான், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இவரும் இதையேதான் சொல்கிறார். தண்ணீரைப் பரிசோதிக்கவும் அனுப்பினேன். மருந்து இருக்கிறது என்று பதில் வந்தது. யாருடைய மருந்து என்று அந்தப் பதிலில் எப்படி இருக்கும்? "பாத்தீங்களா" என்றார்.

கடைசியில் நான் எதை வெட்கக்கேடு என்று எழுதினேனோ அதையே செய்தேன். பேரம் பேசினேன். தலைவர் நடுவில் இருந்தார். ஊற்றுப் பக்கத்துப் பாதி நிலத்தை அவர் விட்டுவிட வேண்டும், மேல் பாதியை வைத்துக்கொள்ளலாம். ஓடையில் தாங்கி கழுவக் கூடாது. ஊற்றின் பக்கம் காற்று அடிக்கிற நாளில் மருந்தடிக்கக் கூடாது.

"இந்தப் போஞ்சியிலதான் எம் மக படிக்கிறாங்க," என்றார் போஞ்சிக்காரர். "சரி, பாதிய விடுறேன். ஆனா நான் மட்டும் விட்டாப் போதாது. நீங்க வாசிச்சீங்களே, காட்டுக்குள்ள இருந்து யாரும் எதையும் எடுக்கக் கூடாதுன்னு. அது அப்படியே நிக்கணும். நான் நெலத்த விடும்போது மத்தவங்க காட்ட மொட்டையடிச்சுக்கிட்டு இருந்தா நான் என்ன மடையனா?"

அதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. மரம் போனால் ஊற்று போகும், அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

சத்தியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த கையோடு. வாசல் கல்லில் பூசாரி ஒவ்வொரு சூடமாக வைத்து ஏற்றினார். தலைவர் வீட்டு வரிசைப்படி கூப்பிட்டார். லயத்தின் முதல் காம்பிராக்காரி முதலில் வந்தாள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். "எடுக்க மாட்டேன், வெட்ட மாட்டேன், அழுக்காக்க மாட்டேன்" என்று சொல்லிப் படீரென்று அடித்தாள். சூடம் அணைந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. போஞ்சிக்காரர் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு அணைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அத்தனை நாட்டு ராசதந்திரிகளாலும் ஆகாததை ஒரு லயம் செய்துகாட்டப் போகிறது. பதுளைத் தேநீர்க் கடையில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிறகு தலைவர் என் அக்காவைக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். கல்லின் முன்னால் நின்றாள். கையை நீட்டவில்லை. சூடம் எரிந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியிருந்ததால் தீ சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, புகை மட்டும் தெரிந்தது. பூசாரி அவள் முகத்தைப் பார்த்தார். அது எரிந்து முடிந்து கல்லில் கறுப்பு மட்டும் மிஞ்சியது.

"வெறகு விசயத்த மட்டும் எடுத்துட்டு வேற சூடம் வைங்க," என்றாள் அக்கா. "அணைக்கிறேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, என்ன பேசுற? ஒனக்காகத்தானே இவ்வளவும்! சின்னவ ஒடம்பப் பாத்தியா இல்லியா?"

"அவ ஒடம்ப நான்தான் தெனம் பாக்குறேன். அவளுக்குச் சோறும் நான்தான் ஆக்குறேன். வேற எங்க போயி வெறகு பொறுக்கச் சொல்ற? தேயிலக்குள்ள பொறுக்குனா தோட்டத்துத் தொர வெரட்டுறாரு. இந்தக் காட்ட விட்டா அடுப்பு எரியாது."

"நான் கேஸ் வாங்கித் தர்றேன்."

"எனக்கு வாங்கித் தருவ. லயத்துக்கே வாங்கித் தருவியா?"

காய்ந்த சுள்ளியை மட்டும் பொறுக்கலாம் என்று மாற்றுவோமா என்று தலைவரிடம் கெஞ்சினேன். போஞ்சிக்காரர் உள்ளங்கைக் கரியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"காஞ்சதுன்னா யாருங்க பாக்குறது? பட்டைய உரிச்சு விட்டுட்டு, காஞ்சுபோச்சுன்னு வெட்டி எடுப்பாங்க. இப்பவே அதத்தானே செய்றாங்க. நான் பாதி நெலத்த விடுறேன், இவங்களுக்கு ஒரு கட்டு வெறக விட முடியலைன்னா என்னையும் விட்டுருங்க."

அவர் சொன்னதும் சரி. அக்கா சொன்னதும் சரி. சரியானவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் நிற்பதைவிடக் கேவலமான நிலை வேறு இல்லை. நான் ஒருவர் மாற்றி ஒருவரிடம் ஓடினேன். தொண்டை கட்டிப்போகும்வரை பேசினேன். தவணை வைத்துப் பார்ப்போம் என்றேன், மரம் நட்டு வளர்கிறவரை ஒரு ஓரத்தை விறகுக்கு விடுவோம் என்றேன். எந்த ஓரத்தை என்பதில் இன்னும் நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி செம்பை எடுத்து வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். எல்லாரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் போயிற்று. "அடுத்த திருவிழாவுக்குப் பேசுவோம்" என்றார் தலைவர்.

இரண்டு நாடுகளை நான் வருடக்கணக்காக வெறுத்தவள். அவர்களுடைய பேச்சுகளை வரி வரியாகப் பிரித்து, இதில் பொய் இருக்கிறது, இதில் பேராசை இருக்கிறது என்று எழுதியவள். அன்றைக்குக் கோயில் வாசலில் அதே வெறுப்பு என் கூடப்பிறந்தவள் மேல் வந்தது. அவளோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அவள் கொழுந்து பறித்த காசில்தான் பள்ளிக்கூடம் போனேன். எல்லாம் தெரிந்தும் அந்த நேரம் அவளை இரண்டு கன்னத்திலும் அறைய வேண்டும் போலிருந்தது.

மத்தியானம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில் இருக்கிற குழாய்க்குப் போனாள். பக்கத்துத் தோட்டத்து எல்லையில் இருக்கிற குழாய், நல்ல தண்ணீர், ஆனால் ஏறி இறங்கினால் கால் கழன்றுவிடும். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், உதவிக்கு அல்ல, சண்டையை முடிக்காமல் பஸ் ஏற மனமில்லாமல்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "வாசிச்ச அன்னைக்கு அங்கதானே ஒக்காந்திருந்த?"

"நீ எங்கள எங்க கேட்ட? வாசிச்சுக் காட்டுன. மறுப்பிருக்கான்னு தலைவரு கேட்டாரு. ஆம்பளைங்க இருக்கிற எடத்துல வெறகப் பத்தி எந்திரிச்சுப் பேசுவாங்களா?"

"மத்த வீட்டுலயும் வெறகுதானே எரிக்கிறாங்க? அவங்கல்லாம் அணைக்கலியா? ஒனக்கு மட்டும் என்ன?"

அவள் முன்னால் இறங்கி நடந்தாள். குழாயடியில் அவள் குடம் நிறைந்தது, என் குடம் நிறைந்தது. ஏறத் தொடங்கினோம். எனக்கு இடுப்பில் குடம் வைத்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, சேலை நனைந்தது, அது வேறு எரிச்சல். லயத்தை எட்டப்போகும் இடத்தில், ஊத்துக்காட்டுப் பாதை வந்து சேரும் ஒடுங்கிய கல் படியில், மேலேயிருந்து முதல் காம்பிராக்காரி இறங்கி வந்தாள். தலையில் விறகுக் கட்டு. பச்சை வாசம் அடித்தது. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இன்னும் கலையவில்லை.

எங்களைக் கண்டு அவள் கூச்சப்படவில்லை. "சத்தியந்தான் இல்லேன்னு ஆயிருச்சே," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டாள்.

அவள் போனதும் நான் கத்தினேன். "பாத்தியா? மொத ஆளா வந்து அடிச்சவ இவதான்!"

"சத்தியம் நின்னிருந்தாலும் இவ போயிருப்பா," என்றாள் அக்கா. "எல்லாரும் போயிருப்பாங்க. அப்புறம் ஒரு தேங்காய வச்சு அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு நேத்தே பேசிக்கிட்டாங்க. நானும் நாளைக்கு வெறகுக்குப் போவணும். அதான் அணைக்கல." குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீ எழுதுனத நெசம்னு நெனச்சவ நான் ஒருத்திதாண்டி."

நான் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினேன். வாயைத் திறந்தால் அழுகையா வசவா என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு குடத் தண்ணீரும் சோற்றுக்கும் குடிப்பதற்குமே சரியாகப் போனது. சின்னவளைக் குளிப்பாட்டுவதற்கு அக்கா பீலிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.